இல் சொர்பாஸோவில் ஓடுவது ஸ்பைடர் இல்லை

ஆறு_சிலிண்டர்:
இத்தாலிய இயக்குநர் டினோ ரிஸியின் 'இல் சொர்பாஸோ' (1962) படத்தில் நடிகர் விட்டோரியோ காஸ்மன் ஓட்டுவது லான்சியா ஆரேலியா பி24 ஸ்பைடர் அமெரிக்கா கார் என்று திரைச்சுருள் தன் பதிவில் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாக "அருமை" போட்டிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டீர்களா? அது அதே பி24இன் இன்னொரு வகையான கன்வெர்டிபிள். கதவைப் பாருங்கள், வெளிக் கைப்பிடி இருக்கிறது. ஸ்பைடருக்கு அது கிடையவே கிடையாது, உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

திரைச்சுருள்:
பி24 என்றேன், அது சரிதானே? இரண்டும் பினின் ஃபரினா செய்த உடல். இரண்டிலும் அதே 2451 சிசி வி6 எஞ்சின். கூரை மடக்கும் வண்டியை இத்தாலிக்காரர்களே ஸ்பைடர் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

ஆறு_சிலிண்டர்:
தொங்கத்தான் செய்வேன். 1954-55ல் வந்த ஸ்பைடர் மொத்தமே 240. கன்வெர்டிபிள் 1956 முதல் 1958 வரை, 521. ஸ்பைடரின் முன்கண்ணாடி பக்கவாட்டிலும் வளைந்து வரும், ஏற்றி இறக்கும் ஜன்னல் இல்லை, மழை வந்தால் பக்கத் திரையை மாட்ட வேண்டும். கன்வெர்டிபிளில் ஜன்னல் உண்டு, கதவின் முன்மூலையில் முக்கோணக் கண்ணாடியும் உண்டு. காஸ்மன் காரில் எது இருக்கிறது? கைப்பிடி இருக்கிறதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பெட்ரோல்_மணி:
அண்ணே, இத்தாலியில் ஆகஸ்ட் 15 விடுமுறை, ரோமில் கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும், அந்தக் காலித் தெருவில் வண்டி பறக்கும். எனக்கு அந்த ஹார்ன் சத்தம்தான் காதிலேயே நிற்கிறது. கடைசியில் கடலோரப் பாறைச் சரிவில் விழுந்து நொறுங்கப்போகிற வண்டிக்குக் கைப்பிடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பாரீஸ்_மழை:
படத்தை இன்னும் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறோம்! முடிவை இப்படிப் போட்டு உடைக்கலாமா?

பெட்ரோல்_மணி:
1962ல் வந்த படம் அம்மா. இன்னும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருப்பது?

பாரீஸ்_மழை:
நான் அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. போன தடவையும் இதைச் சொன்னேன்.

ஆறு_சிலிண்டர்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாடலாக இருந்தால் என்ன என்று மணி கேட்கிறார். ஏலத்தில் ஸ்பைடர் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது, கன்வெர்டிபிள் அதைவிட நன்றாகவே குறைவு. பேரை மாற்றி எழுதினால் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். திரைச்சுருள், கைப்பிடி?

திரைச்சுருள்:
கறுப்பு வெள்ளைப் படம், ஓடுகிற வண்டி. அதில் கைப்பிடி தெரிந்தது என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

ஆறு_சிலிண்டர்:
வண்டி நிற்கிற காட்சியே படத்தில் இல்லையா? காஸ்மனோடு கூட வரும் நடிகர் ட்ரின்டின்யான் அந்தக் கதவைத் திறந்து ஏறவே இல்லையா?

திரைச்சுருள்:
உங்களுக்கு என்மேல் பழைய கோபம், அவ்வளவுதான். டிவி துப்பறிவாளர் கொலம்போவின் கார் பற்றி எழுதியபோதும் இதே ஆள்தான் வந்து குடைந்தார்.

ஆறு_சிலிண்டர்:
குடையாமல்? அவருடைய பெஷோ (Peugeot) 403 கேப்ரியோலேவை, அதாவது கூரை மடக்கும் வண்டியை, 404 என்று எழுதினீர்கள். 404க்குப் பின்னால் கூர்மையான வால் துடுப்பு. 403 உடம்பெல்லாம் உருண்டை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

திரைச்சுருள்:
இரண்டும் பெஷோதானே.

பெட்ரோல்_மணி:
பெஷோவுக்குத் தனி இழை திறங்கள். இங்கே லான்சியா ஓடுகிறது.

பாரீஸ்_மழை:
ஓடவில்லை, விழுந்துவிட்டது. நீங்கள்தான் சொன்னீர்கள்.

திரைச்சுருள்:
பதிவைத் திருத்த மாட்டேன். பி24தான்.

ஆறு_சிலிண்டர்:
திருத்த வேண்டாம். ஸ்பைடருக்கு முன் பம்பர் இரண்டு துண்டு. இன்று ராத்திரி அதைப் பற்றி எழுதுகிறேன், அதற்காவது பதில் வைத்திருங்கள்.