லாரி கிமுரா: ஹவாய் மொழியைக் காப்பாற்றியது பாட்டா, பள்ளியா?

கடற்காற்று:
கிமுராவை "ஹவாய் மொழி மீட்பின் தாத்தா" என்கிறார்கள், சரி. ஆனால் அவரை ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஹிலோ வளாகப் பேராசிரியராக மட்டும் பார்ப்பவர்கள் பாடலாசிரியரை மறந்துவிடுகிறார்கள். இசைக்கலைஞர் எடி கமாயேவோடு சேர்ந்து 1970களில் அவர் கொடுத்த பாட்டை இன்றும் பாடுகிறார்கள். இளைஞர்களுக்கு மொழிமேல் ஆசை வந்ததே இப்படிப்பட்ட பாட்டுகளால்தான்.

வட்டெழுத்து:
ஆசை வந்து என்ன ஆயிற்று? 1896 சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. அதற்குப் பிறகும் ஹோட்டல் மேடைகளில் பாட்டு ஓயவே இல்லை, பாடிய பலருக்கே அர்த்தம் தெரியாது, 1980களின் தொடக்கத்தில் சரளமாகப் பேசும் சிறுவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்ற நிலை. கிமுராவும் சக ஆசிரியர்களும் 1983இல் ஹவாய் மொழியிலேயே மழலையர் பள்ளி நடத்தும் 'பூனானா லேயோ' அமைப்பைத் தொடங்கினார்களே, மொழி பிழைத்தது அதனால்தான்.

கடற்காற்று:
சக ஆசிரியர்கள் வானத்திலிருந்தா குதித்தார்கள்? பாட்டும் ஹூலா என்ற ஹவாய் நடனமும் கிளப்பிய அலையில்தான் பல்கலைக்கழக ஹவாய் வகுப்புகளுக்கே கூட்டம் வந்தது.

பழையரேடியோ:
ரெண்டு பேரும் வானொலியை விட்டுவிட்டீர்களே! 1972 முதல் 1988 வரை 'கா லேயோ ஹவாய்' நிகழ்ச்சி. ஒரு முதியவரை உட்காரவைத்து ஊர்க்கதை, குடும்பக்கதை எல்லாம் ஹவாய் மொழியிலேயே பேசவைப்பார் கிமுரா. நேயர்களும் தொலைபேசியில் சேர்ந்துகொள்வார்கள். பேச்சில் வரும் தயக்கம், குறுக்கே பேசுவது, சிரிப்பு, இழுவை, இதெல்லாம் பாட்டிலும் கிடைக்காது, பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. நூற்றுக்கணக்கான மணி நேரப் பதிவு இன்று ஹிலோ வளாகத்தின் டிஜிட்டல் காப்பகத்தில் இருக்கிறது.

வட்டெழுத்து:
பதிவு பொக்கிஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் கவாய் தீவின் கெகஹாவில் 1984இல் பூனானா லேயோவின் முதல் மழலையர் பள்ளி திறந்தபோது நிலைமை என்ன? மொழி தெரிந்த பெரியவர்களிடம் ஆசிரியர் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இருந்தவர்களுக்கு மொழி தெரியாது. சான்றிதழ் கேட்ட சட்டத்தை 1986இல் மாற்றவைத்த பிறகுதான் வழி பிறந்தது. அதற்கு எந்தப் பாட்டு உதவியது?

கடற்காற்று:
சட்டசபையில் பாட்டு எடுபடாது, சரி. ஆனால் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு டிவி ஆங்கிலம், கடை ஆங்கிலம், காதில் விழும் ஹவாய் மொழி அனேகமாகப் பாட்டு மட்டுமே. அப்புறம், 2019இல் கருந்துளையின் முதல் படம் வந்ததும் கிமுரா அதற்கு 'போவேஹி' என்று பெயர் கொடுத்தாரே, எடுத்தது 'குமுலிபோ' என்ற பழைய படைப்புப் பாடலிலிருந்து!

வட்டெழுத்து:
கருந்துளைக்குப் பெயர் வைத்தால் கெகஹாவில் பிள்ளை பேசிவிடுமா?