வேலைப்பளு கூடிய பிறகும் வலையொலியை (பாட்காஸ்ட்) தொடர்ந்த அனுபவம்: உறுப்பினர்கள் பகிர்கிறார்கள்

முதல் பகிர்வு (சென்னை)

2019-இல், வலையொலியைப் பதிவுசெய்து வெளியிட உதவும் ஆங்கர் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, சென்னையில் காணாமற்போன ஏரிகளைப் பற்றி வாரம் ஒரு பகுதி வீதம் பேசத் தொடங்கினேன். ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றழைத்த மாம்பலம் ஏரியை வடித்துவிட்டு 1920-களில் தியாகராய நகரை அமைத்ததையும், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டதையும் ஆற அமரத் தேடிப் படித்துச் சொல்ல அப்போது நேரம் இருந்தது. மகள் பிறந்து, நானும் அலுவலகத்திற்குத் திரும்பிய பின் அந்த நேரம் போய்விட்டது.

பேச்சு 25 நிமிடம்தான். அதைச் செப்பனிடத்தான் 5 மணி நேரம் பிடித்தது. மகள் உறங்கிய பிறகு ஒலியைச் செப்பனிடும் ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்து, ஒலி அலையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மூச்சிழுப்பையும் ஒவ்வொரு 'ம்'மையும் தேடித்தேடி வெட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் மதிய உணவின்போது, என் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கும் சக ஊழியர் ஒருவர், தாம் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பதாகவும், பேச்சின் இடைவெளிகளைச் செயலியே தானாகக் குறைத்துவிடுவதாகவும் சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றோடு அந்த வெட்டும் வேலையை விட்டேன். பதிவின் தொடக்கத்தில் 10 நொடி பேசாமல் இருந்து, அந்த வெற்று இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், பதிவு முழுவதும் அதைக் குறைக்கும் வேலையை ஆடாசிட்டி பார்த்துக்கொள்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன் அமர்ந்து பேசினால் எதிரொலியும் அடங்குகிறது, வியர்வைக்குத்தான் வழியில்லை. 'அடுத்த வாரம் சந்திப்போம்' என்று சொல்லி முடிக்கும் வழக்கத்தையும் கைவிட்டேன். என்னை வருத்தியது வேலையைவிட அந்த வாக்குறுதிதான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் பகிர்வு (திருச்சி)

நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வலையொலியை நடத்தினோம். பணி மாறுதலில் மூவரும் மூன்று ஊர்களுக்குப் போய்விட்டோம். இப்போது அலைபேசி அழைப்பில் பேசிக்கொண்டே, அவரவர் குரலை அவரவர் இன்னொரு கருவியில் பதிவுசெய்கிறோம். தொடக்கத்தில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, மூவரும் ஒருசேரக் கைதட்டுவோம்; பிறகு அந்தக் கைதட்டல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் உரையாடல் ஏறத்தாழ நேராகிவிடும். மே மாத விடுப்பில் 6 பகுதிகளைப் பேசி முடித்துவிட்டு, மாதம் ஒன்றாக வெளியிடுகிறோம்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒலிக்கோப்புகளை வைத்திருந்த தளத்தின் ஆண்டுக் கட்டண நினைவூட்டல், நான் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பகுதிகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் இணைய இணைப்பான ஆர்எஸ்எஸ் ஓடை நின்றதும் எல்லாச் செயலிகளிலிருந்தும் பழைய பகுதிகள் மறைந்தன; மூலக்கோப்புகள் பாதிக்குமேல் என்னிடம் இல்லை. ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் சேமித்தால் அரை மணி நேரப் பேச்சு 15 எம்பியைக்கூடத் தொடாது. நூறு பகுதிகள் ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கியிருக்கும். அதைச் செய்ய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் உறுப்பினரின் மறுமொழி

இதைப் படித்தவுடன் எழுந்துபோய் என் கோப்புகளைப் படியெடுத்து வைத்தேன். இடையில் பழைய பதிவு ஒன்றைக் கேட்டபோது, நிறுத்தமே இல்லாமல் யாரோ துரத்துவதுபோல் நான் பேசுவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. சென்ற மாதப் பகுதியில் 11-ஆம் நிமிடத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் இரண்டு முறை விசில் அடிக்கிறது. நான் அதை வெட்டவில்லை. என் அம்மா மட்டும் கேட்டுவிட்டு, மூன்றாவது விசில் வரவில்லையே, பருப்பு வெந்ததா என்று விசாரித்தார்.