தரங்கம்பாடியில் கோட்டையைத் தவிர என்ன பார்த்தீர்கள்?

உப்புக்காற்று:
தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் டேனிஷ் கோட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். கோட்டை பார்க்க வேண்டியதுதான். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டியது. ஆனால் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது ராஜ வீதியில் நடந்துகொண்டிருந்த சுவர் வேலை.

ஒரு பழைய வீட்டில் கொத்தனார் ஒருவர் சிமெண்ட் பூச்சைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "ஏண்ணே பேக்குறீங்க?" என்றேன். "மேலதான் தம்பி பளிச்சுன்னு இருக்கும். உள்ள ஈரம் நிக்குது. வெளியேற வழியில்லைன்னா உப்பு செங்கல்லையே தின்னுடும்" என்றார். பக்கத்துத் தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு. இன்னொரு பீப்பாயில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், புளித்த வாடையோடு. பூசிய சுவரில் ஈரச்சாக்கு தொங்கியது. சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடுமாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும், அதனால்தான் கடற்கரையில் அந்தக் காலச் சுவர்கள் இத்தனை நாள் தாங்கின என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அப்புறம் அந்த வீதியில் கட்டடங்களின் அழகைவிடச் சுவர்கள் எங்கே பொரிந்திருக்கின்றன என்பதைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். பழைய வீட்டைச் சிமெண்ட் போட்டு 'புதுப்பிக்கிறவர்கள்' ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

காரைக்கால் மருமகள்:
சுவரையாவது திரும்பப் பூசலாம் அண்ணா, கடல் கொண்டுபோனதை என்ன செய்வது? கோட்டையிலிருந்து கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 வருஷம் முந்தியது, ஆனால் 'டேனிஷ் ஊர்' என்று தேடி வருகிறவர்கள் இதை எட்டிப் பார்ப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

நான் போனபோது வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அலைக்குள் கையை நீட்டி, "கோயிலோட முன்பக்கம் அங்கதாம்மா இருந்துச்சு" என்றார். பாறாங்கல் கொட்டித் தடுத்ததால்தான் மிச்சம் நிற்கிறது என்பது அவர் கணக்கு. சுனாமியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பழைய வாத்தியார்:
இரண்டு பேரும் கோட்டையை ஓரங்கட்டிவிட்டீர்களே! அது ஒரு காலத்தில் பயணியர் விடுதி. என் அப்பா அரசு வேலையாக வந்து ஒரு ராத்திரி அங்கே தங்கியிருக்கிறார், வௌவால் தொல்லையில் தூங்கவே இல்லையாம். அப்புறம்தான் அருங்காட்சியகம் ஆனது.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது, 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவை டேனிஷ் தளபதியே பிடித்துச் சில மாதம் சிறையில் வைத்த கதையைச் சொன்னேன். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர், 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழக் காரணமானவர் என்றெல்லாம் விளக்கி முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: "ஜெயில்ல சோறு போட்டாங்களா சார்?" பதில் இல்லை என்னிடம். அவருடைய கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்று: வெள்ளிக்கிழமை கிளம்பாதீர்கள், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.