பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறது: பேடை மாற்ற வேண்டுமா?

நீலக்குருவி: வணக்கம். மூன்று நாளாகப் பிரேக் பிடிக்கும்போது சத்தம் வருகிறது. சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன், பேடு, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை, தடிமனாகத்தான் தெரிகிறது. நாளை நெடுந்தூரம் போக வேண்டும். ஓட்டலாமா?

வழிப்போக்கன்: சத்தம் என்று மட்டும் சொன்னால் எப்படிப் பதில் சொல்வது? முன் சக்கரமா, பின் சக்கரமா? கீச்சென்றா, கரகரவென்றா? காலையில் முதல் சில தடவை மட்டுமா, ஓடிச் சூடேறிய பிறகும் வருகிறதா? பேடு மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று?

மழைத்தூறல்: துருவாகத்தான் இருக்கும். மழையில் இரவு முழுக்க நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்து, முதல் நாலைந்து பிரேக்கிலேயே உரசிப் போய்விடும். இது தெரியாமல் நான் வீணாகப் புதுப் பேடு வாங்கினேன்.

இரும்புக்கை: மூன்று நாளாக வரும் சத்தம் துருவா? தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். இடுக்கில் தெரிவது வெளிப்பேடு மட்டுமே. பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கும் இடுக்கிதான் காலிப்பர்; அது நகர்வதற்கான பின் கம்பியில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால், பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கமுள்ள உள்பேடு மட்டும் அழுந்தித் தேய்ந்துகொண்டே போகும். வெளிப்பேடு பாதிகூடத் தேயாதிருக்கும்போதே உள்பேடு பின்னாலுள்ள இரும்புத் தகடுவரை போயிருக்கும். புதுப் பேட்டில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். அந்த இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு இன்னும் நிறைய இருக்கிறது என்று மகிழ்பவர்களே அதிகம்.

நீலக்குருவி: முன் இடது பக்கம். கரகரவென்றுதான், நாள் முழுக்க வருகிறது. பிரேக் ஆயில் குறைந்திருந்ததால் நேற்று ஊற்றி நிரப்பிவிட்டேன்.

வழிப்போக்கன்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருவதால் ஆயில் மட்டம் தானாக இறங்கும். நிரப்பியதால் அந்த அடையாளத்தை நீங்களே மறைத்துவிட்டீர்கள், புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே வழியும். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் கசிவு, அது வேறு கதை.

இரும்புக்கை: கீச்சென்றால், பேடு தேய்ந்ததை உணர்த்த அதில் வைத்திருக்கும் சிறு எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது, சில நாள் அவகாசம் உண்டு. கரகரவென்றால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. வண்டியை எடுக்காதீர்கள்.

லேத்துக்காரர்: பேடு மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கையும் லேத்தில் கடைந்து சமமாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பேடு சரியாகப் படியாது.

இரும்புக்கை: இது உங்கள் தொழில் பேசுகிறது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். மேற்பரப்பு சமமாகவும் தடிமன் அந்த அளவுக்கு மேலும் இருந்தால் தொடவே தேவையில்லை. தேவையில்லாமல் கடைந்தால் டிஸ்க்கின் ஆயுள்தான் குறையும்.

லேத்துக்காரர்: அப்படியானால் பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் நடுங்குகிறதே, டிஸ்க் வளைவதால்தானே?

இரும்புக்கை: பெரும்பாலும் வளைவதில்லை, ஐயா. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுவதால்தான் அந்த நடுக்கம். அதற்குக் கடையலாம், நான் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடையச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

நீலக்குருவி: கழற்றிப் பார்த்தாயிற்று. உள்பேட்டில் தகடு மட்டுமே மிச்சம். டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்கு வரிப்பள்ளம். இடது பக்கம் பேடும் டிஸ்க்கும் புதிது போட்டுவிட்டார்கள். அனைவருக்கும் நன்றி, விடியற்காலையில் கிளம்புகிறேன்.

வழிப்போக்கன்: இடது பக்கம் மட்டுமா? முன் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காலிப்பரின் பின் கம்பியைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்களா?

வழிப்போக்கன்: நீலக்குருவி, கிளம்புவதற்கு முன் இதைப் பார்த்தீர்களா?