கல்யாண கேசட்டில் கர்ர்ர் சத்தம், அவசரம்

மலைக்கோட்டை_77: அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட்டை டெக்கில் போட்டு லேப்டாப்பில் ஏற்றுகிறேன். படம் பரவாயில்லை, சத்தம் மட்டும் கர்ர்ர் என்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாள், எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

பழைய_பரண்: என்ன டெக், என்ன கேசட், எந்த வயர், லேப்டாப்புக்கு எதன் வழியாகப் போகிறது? வெறும் ‘கர்ர்ர்’ என்றால் ஜோசியமா பார்ப்பது?

எர்த்_அண்ணன்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் உறுமல், அதாவது கரண்டின் வினாடிக்கு 50 அதிர்வு கேட்டாலே எர்த் கோளாறுதான். எங்கள் வீட்டிலும் இதே கதை.

தஞ்சை_நிழற்படம்: கேசட் எத்தனை வருடமாகப் பீரோவில் இருந்தது? கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள், டேப் விளிம்பில் வெள்ளையாகப் பொடி இருந்தால் பூஞ்சை. அப்படியானால் டெக்கில் போடவே போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டும் வீணாகிவிடும்.

மலைக்கோட்டை_77: சாரி. வி.எச்.எஸ்., இ-180, 1994இல் எடுத்தது. பொடி எதுவும் இல்லை. டெக் மாமாவுடையது, முகப்பில் ஹை-ஃபை என்று போட்டிருக்கிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர், அப்புறம் வீடியோவை லேப்டாப்புக்குள் ஏற்றும் ஒரு யு.எஸ்.பி. குச்சி. சார்ஜரைப் பிடுங்கியும் பார்த்தேன், அதே சத்தம்.

எர்த்_அண்ணன்: டெக்கின் பின்னால் கேபிள் டி.வி. வயர் சொருகியிருக்கிறதா? அதையும் கழற்றுங்கள். எர்த் அந்த வழியாகவும் வரும்.

பழைய_பரண்: குச்சியை விட்டுவிட்டு டெக்கை நேராக டி.வி.யில் போட்டால்?

மலைக்கோட்டை_77: டி.வி.யிலும் கர்ர்ர்தான். கேபிள் வயர் இல்லவே இல்லை.

ரீல்_வாத்தியார்: ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஸ்டாப் அமுக்கினால் உறுமல் நிற்கிறதா? நின்றால் எர்த் கதையை மூட்டை கட்டுங்கள். நம் ஊர் டி.வி. முறையான பால் (PAL) டெக்கில், ஹெட் பொருத்திய டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், அதாவது வினாடிக்கு 25. ஒரு சுற்றில் இரண்டு ஹெட் மாறி மாறித் தொடும். ஆக வினாடிக்கு 50 மாற்றம். இதிலும் அதே 50 வரும் என்பது அடிப்படை.

எர்த்_அண்ணன்: எல்லோரும் தாயின் வயிற்றிலேயே டெக் ரிப்பேர் படித்துவிட்டு வருவதில்லை வாத்தியாரே.

மலைக்கோட்டை_77: ஸ்டாப் போட்டால் சுத்தமாகச் சத்தமே இல்லை. நடுநடுவே கர்ர்ர் நின்று சினிமாப் பாட்டு வேறு வருகிறது. அது ஸ்டூடியோக்காரர் போட்டது, அதை விடுங்கள்.

ரீல்_வாத்தியார்: அதை எப்படி விடுவது? விஷயமே அங்கேதான் இருக்கிறது! உங்கள் கேசட்டில் இரண்டு ஒலி இருக்கிறது. ஒன்று டேப்பின் ஓரத்தில் ஓடும் சாதாரண ட்ராக். இன்னொன்று ஹை-ஃபை, படத்துக்கு அடியிலேயே சாய்வாகப் பதிவாகியிருக்கும். பிறகு ஆடியோ டப் செய்தால், அதாவது படத்தை வைத்துக்கொண்டு வேறு ஒலி ஏற்றினால், ஓர ட்ராக் மட்டும்தான் அழியும். படத்தை அழிக்காமல் ஹை-ஃபையைத் தொட முடியாது. ஆக பாட்டு ஓரத்தில், மண்டபத்துச் சத்தம் ஹை-ஃபையில். ட்ராக்கிங், அதாவது ஹெட் டேப்பின் தடத்தில் சரியாக ஓடுவது, தவறும்போது ஹை-ஃபை கர்ர்ர் என்கிறது. அறவே பிடிக்க முடியாவிட்டால் டெக் தானாக ஓர ட்ராக்குக்குத் தாவிவிடுகிறது. ஆடியோ மானிட்டர் பட்டனில் ‘ஹை-ஃபை’யை வையுங்கள், இரண்டையும் கலக்கும் ‘மிக்ஸ்’ வேண்டாம். ஆட்டோ ட்ராக்கிங்கை விட்டுவிட்டு, + - பட்டனைக் காதால் கேட்டு நகர்த்துங்கள். படம் கொஞ்சம் கோடு விழுந்தாலும் பரவாயில்லை.

தஞ்சை_நிழற்படம்: ‘அழியும்’ என்று ஸ்டூடியோக்காரரைத் திட்டாதீர்கள். கேமராவில் இருக்கும் மைக்கில் பாதி ஜெனரேட்டர் சத்தம்தான் விழும். பாட்டு போடாவிட்டால் பெண் வீட்டார் காசு தரமாட்டார்கள்.

பழைய_பரண்: அதற்காக முகூர்த்தத்திலும் பாட்டா? எங்கள் அக்கா கல்யாணத்தில் கெட்டிமேளமே கேட்காது. இப்போது நெட்டில் ஏற்றினால் காப்பிரைட் புகார் வேறு.

தஞ்சை_நிழற்படம்: தாலி கட்டும்போது நான் ஒருநாளும் பாட்டு போட்டதில்லை. ரிசப்ஷனுக்கு மட்டும்தான்.

எர்த்_அண்ணன்: அந்தப் பாட்டுக்கும் 30 வருடம் ஆகிறதே, அதுவும் நினைவுதான். இரண்டையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள்.

ரீல்_வாத்தியார்: முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொன்னீர்கள். மலைக்கோட்டை, ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், இரைச்சல் நீக்கும் வேலையை இப்போதே செய்யாதீர்கள். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் விளையாடுங்கள்.

(இரண்டு நாள் கழித்து)

மலைக்கோட்டை_77: மைனஸ் பக்கம் ஏழு தடவை அமுக்கியதும் கர்ர்ர் போய்விட்டது. படத்தின் அடியில் ஒரு கோடு ஓடுகிறது, யாரும் கவனிக்கவில்லை. அப்பாயி ‘லைட்ட அணைங்கடா, கண்ணு கூசுது’ என்று வீடியோக்காரரைத் திட்டுவது தெளிவாகக் கேட்கிறது. அப்பா மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். வாத்தியாருக்கு நன்றி. கிளம்புகிறேன், டெக்கை மாமாவிடம் திருப்பித் தர வேண்டும்.

எர்த்_அண்ணன்: கொடுப்பதற்கு முன்னால் பாட்டு ட்ராக்கையும் எடுத்துவிட்டீர்களா?

பழைய_பரண்: ஆள் போயாச்சு அண்ணே.