கலைச்சொல் வேண்டும்: நோர்வேயின் ‘ரெகுலேர்பார்’ நீர்மின்சாரம்

ஒஸ்லோவிலிருந்து, தமிழாசிரியை:

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நோர்வேயின் புள்ளிவிவர நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் மின் உற்பத்தி அட்டவணைதான் பாடம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

அட்டவணையில் நீர், காற்று, அனல் என்று மூன்று பத்திகள் உள்ளன. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்து வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி காற்று; அனல் மிகச் சொற்பம். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் வரைபடத்தைக் காட்டியதும் ஒரு மாணவி கேட்டாள்: “ரீச்சர், ஜனவரியில் ஆறெல்லாம் உறைந்து கிடக்கிறதே, பிறகு எப்படி அந்த மாதக் கம்பம் இவ்வளவு உயரம்? பனி உருகி வெள்ளம் பாயும் காலத்தைவிட உயரமாக இருக்கிறதே?”

சரியான கேள்வி. மே, ஜூனில் உருகும் பனியும் இலையுதிர்கால மழையும் மலை மேலுள்ள நீர்த்தேக்கங்களில் சேர்கின்றன. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்குவதே இங்கே பெரும்பாலும் மின்சாரத்தில்தான் என்பதால், தேவை உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்களில் சேர்த்த நீரைத் திறக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் தேக்கங்கள் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு வந்துவிடும். பிறகு மறுபடி பனி உருகும்.

இப்படி வேண்டியபோது திறந்து எடுக்கக்கூடிய நீர்மின்சாரத்தை ‘ரெகுலேர்பார்’ என்கிறார்கள். ஆறு எப்போது ஓடுகிறதோ அப்போது மட்டும் கிடைப்பதற்கு எதிர்ச்சொல்லும் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தமிழில் சொல் தாருங்கள். பிள்ளைகளின் வாயில் நுழைய வேண்டும்.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம் அக்கா. ‘ஒழுங்குபடுத்தத்தக்க நீர்மின்சாரம்’ என்று போடுங்கள். அரசு ஆவணங்களில் இந்த வகைச் சொற்கள் பழகிவிட்டன. நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. எதிர்ச்சொல் ‘ஒழுங்குபடுத்தாத நீர்மின்சாரம்’. மாதப் போக்கு, மாத உற்பத்தி போன்றவற்றுக்கு இருக்கும் சொற்களே போதும்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, ‘ஒழுங்குபடுத்தாத’ என்றால் ஏதோ குழப்படியான மின்சாரம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். எது ஒழுங்கு, யார் படுத்துகிறார்கள் என்ற கேள்வியும் வரும். அந்தச் சொல்லுக்குள் நீரும் இல்லை, அணையும் இல்லை.

முதலில் ‘தேக்கு’ என்ற வினையை மின்னோடு சேர்க்கலாமா என்று பார்த்தேன். தேக்கிய மின், தேக்குகின்ற மின், தேக்கும் மின் என முக்காலத்துக்கும் விரியும் அழகான வினைத்தொகையாக வரும். ஆனால் ‘தேக்குமின்’ என்று எழுதியதும் அது ‘நீங்கள் தேக்குங்கள்’ என்ற ஏவலாகிவிடுகிறது. இர், ஈர், மின் மூன்றும் முன்னிலைப் பன்மைக்கு உரியவை என்று தொல்காப்பிய வினையியல் சொல்கிறது. ‘விடுமின்’, ‘திறமின்’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வினைப்பகுதியோடு ‘மின்’ சேர்க்கும் எல்லாக் கலைச்சொல்லாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பெயரோடு சேர்ப்போம். என் பரிந்துரை ‘மடைமின்’. மடை என்பது நீரை அடைத்துவைத்து வேண்டும்போது விடும் வாயில். மடை திறத்தல் என்ற தொடர் எல்லார் நாவிலும் இருக்கிறது. நிலைமொழி ஐகாரத்தில் முடிந்து வருமொழி மகரத்தில் தொடங்குவதால் புணர்ச்சியில் ஒரு மாற்றமும் இல்லை. எதிர்ச்சொல் ‘ஓட்டமின்’.

கோயம்புத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

பேராசிரியர் ஐயாவின் இலக்கணத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. பொருளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் சொல் எதைப் பிடிக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது.

நோர்வேயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவை அனைத்தும் நிரம்பினால் உள்ள கொள்ளளவை அவர்கள் கன அடியில் சொல்வதில்லை, மின்சாரமாகவே சொல்கிறார்கள்: சுமார் 87 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி யூனிட்). ஐரோப்பாவின் மொத்த நீர்த்தேக்கக் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி அது. நாட்டின் ஆண்டு உற்பத்தி 2021இல் 157 டெராவாட் மணி என்பதோடு வைத்துப் பார்த்தால் அளவு புரியும். தென்மேற்கிலுள்ள புளோஷே என்ற தேக்கம் மட்டும் 7.8 டெராவாட் மணி கொள்ளும். சராசரி நீர்வரத்து இருந்தால் அது நிரம்ப மூன்று ஆண்டுகள் ஆகும்! நம் மேட்டூரை ஒரு நல்ல பருவமழை நிரப்பிவிடுகிறது. அங்கே ஓர் ஈரமான ஆண்டின் நீரை வறண்ட ஆண்டுக்கு எடுத்துவைக்க முடிகிறது.

இப்போது 2022ஐப் பாருங்கள். தெற்கு நோர்வேயில் மழையும் பனியும் குறைந்தன. தேக்கங்கள் வழக்கத்துக்கு மிகக் கீழே இறங்கின. கோடையில் மின் நிறுவனங்கள் நீர் இருந்தும் திறக்காமல், வரும் குளிர்காலத்துக்கென்று பிடித்துவைத்தன. அந்த ஆண்டு நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 146 டெராவாட் மணியாகக் குறைந்தது. மாத வரைபடத்தில் ஒரு கம்பம் தாழ்ந்திருப்பதற்கு ‘நீர் இல்லை’ என்பது மட்டும் காரணமல்ல, ‘திறக்கவில்லை’ என்பதும் காரணம்.

இன்னொன்று. 2021இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கொண்ட கடலடிக் கம்பிகள் பயன்பாட்டுக்கு வந்தன. பிரிட்டன் கம்பி நோர்வே பக்கம் முடிவது, நிறுவுதிறனில் அந்நாட்டிலேயே பெரியதான குவில்டால் மின் நிலையத்தின் அருகில். வடகடலில் காற்று பலமாக வீசி விலை விழும்போது நோர்வே மின்சாரத்தை வாங்கிக்கொண்டு மடையை மூடிவைக்கிறது. காற்று ஓய்ந்தால் திறந்து விற்கிறது. எனவே மாத உற்பத்தியின் போக்கை வானமும் வீட்டுச் சூடேற்றியும் மட்டும் தீர்மானிப்பதில்லை, பக்கத்து நாடுகளின் காற்றும் தீர்மானிக்கிறது.

அதனால் திறப்பதும் மூடுவதும் சொல்லில் இருக்க வேண்டும். ‘மடைமின்’ அதைப் பிடிக்கிறது. ‘தேக்கம்’ பாதியைத்தான் பிடிக்கும்.

‘ஓட்டமின்’ பற்றி: மேட்டூருக்குக் கீழே காவிரியில் வரிசையாக இருப்பவற்றைக் கதவணை மின் நிலையம் என்கிறோம். அங்கே பெரிய சேமிப்பு இல்லை, வருகிற நீரைச் சுழலியில் (டர்பைன்) விட்டு அனுப்புவதுதான். கதவு இருந்தும் அது மடைமின் ஆகாது. இந்த நுட்பத்தை யாராவது தீர்த்துவையுங்கள்.

வவுனியாவிலிருந்து, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றியவர்:

தங்கைக்கு, எங்கள் பக்கத்தில் மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பிரியும் சிறு வாயில். வரப்பில் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போட்டால் அடைபட்டுவிடும். குளத்தின் அணைக்கட்டுக்குள் இருப்பது துருசு. இரணைமடு போன்ற குளத்தின் நீரைக் கட்டுப்படுத்துவது துருசுதான். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு ‘துருசுமின்’ என்றால்தான் அளவு விளங்கும். ஒஸ்லோவில் உங்கள் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் தாத்தாமார் பலர் இந்தக் குளங்களின் கீழ் நெல் விதைத்தவர்கள் என்பதையும் நினையுங்கள்.

வேறொரு சொல்லும் உங்களுக்குத் தேவைப்படும். தேக்கம் நிரம்பிச் சுழலிக்குள் போகாமல் வழிந்தோடும் நீர் அவர்களுக்கு இழந்த மின்சாரம் அல்லவா? அதற்குக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. வான் என்பது நிரம்பிய குளத்தின் நீர் வழியும் இடம்; குளம் வான் பாய்கிறது என்றுதான் நாங்கள் சொல்வோம். ‘வான்பாய் இழப்பு’ என்று எழுதுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, பேராசிரியர்:

‘வான்பாய் இழப்பு’ அருமை. சோழநாட்டில் கலிங்கு வழிதல் என்போம். துருசு வேண்டாம், இங்கே அது மயில்துத்தம் என்ற தாமிர உப்பு, துரு என்று வேறு திசையில் போய்விடும்.

நீர்த்தேக்கத்துக்கு நோர்வேஜியத்தில் ‘மகசின்’ என்கிறார்கள் என்று பார்த்தேன். அது அரபியின் ‘மக்ஸன்’, அதாவது பண்டசாலை. இத்தாலி, பிரான்ஸ் வழியாக வடக்கே ஏறியிருக்கிறது. நீரைப் பண்டம் போல அடுக்கிவைக்கும் எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நம்மிடம் கிடங்கு இருக்கிறதே! பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி, நீர் நிற்கும் பள்ளம். பின்னால்தான் பண்டம் வைக்கும் இடமாயிற்று. கடல்வணிகத்தோடு மலாய்க்காரர் வாய்க்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ ஆனது என்பார் உண்டு. நீர், சேமிப்பு இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கூடியிருப்பது வேறெங்கும் கிடைக்காது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர் கிடங்கில் என்று சிறுபாணாற்றுப்படை சொல்வதையும் நினைவில் கொள்க. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. ‘கிடங்குமின்’ என்ற சொல்லையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். இங்கே ‘கிடங்கு’ பெயர்ச்சொல் என்பதால் ஏவல் மயக்கம் வராது.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கிடங்கில் பற்றிப் படித்தது மகிழ்ச்சி. ஆனால் ‘கிடங்குமின்’ என்றால் இன்று எவரும் மின்கலம் அடுக்கிவைத்த கொட்டகையைத்தான் நினைப்பார்கள். காற்றாலைகளுக்குப் பக்கத்தில் மின்கலத் தொகுதிகள் வரத் தொடங்கிவிட்ட காலம் இது. குழப்பம் நிச்சயம்.

நாளிதழ் வாசகருக்கு எது தெரியும்? ‘அணையின் நீர் இருப்பு’, ‘நீர்வரத்து’, ‘நீர்த்தேக்கம்’. தினமும் மேட்டூர்ச் செய்தியில் இவற்றைப் படிக்கிறார். நோர்வேயின் எரிசக்தி ஆணையம் ஒவ்வொரு புதன்கிழமையும் தேக்கங்கள் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கின்றன என்று வெளியிடுகிறது. அதை ‘நீர் இருப்பு’ என்று சொன்னால் ஒரு நொடியில் விளங்கும். அந்தக் குடும்பத்திலிருந்தே எடுப்போம்: ‘தேக்க நீர்மின்’, ‘ஓட்ட நீர்மின்’. நடுவில் ‘நீர்’ வந்துவிடுவதால் ஐயா சொன்ன ஏவல் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள ‘மின்தேக்கி’யோடும் (கெப்பாசிட்டர்) மோதாது. இலங்கையில் அதைக் கொள்ளளவி என்பதால் அங்கே அந்தக் கவலையே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து, மின்பொறியாளர்:

‘தேக்கம்’ என்றால் விற்பனைத் தேக்கம், பொருளாதாரத் தேக்கம் என்று நகராமல் நிற்பதைத்தான் செய்தித்தாள் சொல்கிறது. இந்த மின்சாரத்தின் சிறப்போ நிமிடங்களில் ஏறி நிமிடங்களில் இறங்குவது. நோர்வேயின் உற்பத்தித் திறனில் முக்கால் பங்குக்கு மேல் இப்படிப்பட்டது. அதற்குப் போய் தேக்கம் என்று பெயரா? என் மனம் ஒப்பவில்லை.

ஒஸ்லோவிலிருந்து, ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் ‘மடைமின்’, ‘தேக்க நீர்மின்’ இரண்டையும் எழுதிக் காட்டினேன். ‘மடைமின்’ என்றதும் ஒருவன் “மடையன்?” என்றான், மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மடை என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வயலும் வாய்க்காலும் பார்த்திராத பிள்ளைகள். ‘நீர்த்தேக்கம்’ தெரிந்திருந்தது; ஒஸ்லோவுக்குக் குடிநீர் தரும் மரிடால் ஏரியைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

வவுனியா அண்ணா சொன்ன ‘வான் பாய்தல்’ மட்டும் உடனே ஒட்டிக்கொண்டது. வானம் எப்படிப் பாயும் என்று கேட்டார்கள், சொன்னேன், பிடித்துவிட்டது. பயிற்சித்தாளில் சேர்த்துவிட்டேன்.

அச்சுக்கு ‘தேக்க நீர்மின்’, ‘ஓட்ட நீர்மின்’ என்றே கொடுக்கிறேன். பொறியாளர் ஐயா சொன்ன குறை உண்மையானது. அதனால் ஜனவரிக் கம்பத்துக்குக் கீழே ‘கோடையிலும் இலையுதிர்காலத்திலும் தேக்கிய நீரைத் திறக்கும் மாதம்’ என்றும், ஜூன் கம்பத்துக்குக் கீழே ‘நீர் வரும், ஆனால் பெரும்பகுதி சேமிக்கப்படும் மாதம்’ என்றும் எழுதியிருக்கிறேன். குளோமா ஆற்றிலுள்ள வம்மா மின் நிலையத்தை ஓட்ட நீர்மின்னுக்கு எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அந்த வகையில் நோர்வேயிலேயே பெரியது அது. காற்றுமின்சாரமும் குளிர்காலத்தில்தான் கூடுதலாக வருகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன்.

வவுனியாவிலிருந்து:

சரி, அப்படியே போகட்டும். துருசை நான் விட்டுவிடவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, பேராசிரியர்:

அச்சுக்குப் போவதைத் தடுக்கமாட்டேன். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

பிள்ளைகளுக்குத் தெரியாத சொல் என்பது ஒரு சொல்லை விலக்கக் காரணமாகாது. ‘வான் பாய்தல்’ அவர்களுக்கு முன்பு தெரியாது. ஆசிரியை ஒரு நிமிடம் விளக்கியதும் தெரிந்துவிட்டது. மடைக்கும் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்திருக்கலாம். சிரிப்புக்கும் விடை உண்டு. மடை என்பதற்குச் சோறு, படையல் என்றும் பொருள். மடைப்பள்ளி அதிலிருந்து வந்தது. மடையன் என்றால் சமைப்பவன். நளன் அயோத்தி அரண்மனையில் மடைத்தொழில் செய்தவன்தான். வசைச்சொல்லாக நாம் கெடுத்துவைத்ததற்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிடுவதா?

அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘மடைமின்’ வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கதவணை நிலையங்களை எங்கே சேர்ப்பது என்று பொறியாளர் ஐயா கேட்டதற்கு ஒருவரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

கதவணையை ஓட்ட நீர்மின்னில் சேர்க்கலாம் ஐயா. சில மணி நேரம் நீரை நிறுத்திவைக்க முடிவதால் மட்டும் அது தேக்கம் ஆகிவிடாது.

கோயம்புத்தூரிலிருந்து, மின்பொறியாளர்:

எத்தனை மணி நேரம் வரை என்று வரையறுக்காமல் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.