புதுப்பிப்பு: கையடக்க ரேடியோவா, மேசை ரிசீவரா?

சிற்றலை கேட்கக் கையடக்கப் பெட்டியே போதும், மேசை ரிசீவருக்குப் பணம் போடுவது வீண் என்று இந்த இழையின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். அதில் பாதியைத் திருத்த வேண்டும்.

நண்பர் தன்னுடைய ஐகாம் ஆர்75 மேசை ரிசீவரை மூன்று வாரம் தந்திருந்தார். மொட்டைமாடியில் 15 மீட்டர் செம்புக் கம்பி கட்டி, என் சின்னப் பெட்டியையும் அதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நிலையம் அனுப்பும் நேரக்குறி (சரியான நேரத்தைக் காட்டும் ஒலிகள்) இரண்டிலுமே தெளிவு. வலுவான நிலையங்களுக்குப் பெரிய வித்தியாசமே இல்லை.

இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால்தான் தெரிகிறது. 7.2க்கு மேலே ஒலிபரப்புகள் முழங்கும்போது, கீழே ஹாம்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள்) பேசுவது சின்னப் பெட்டியில் அமுங்கிவிட்டது. அந்தப் பெட்டி தன் நீள்குச்சி ஆன்டெனாவுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. நீளக் கம்பி கொண்டுவரும் சிக்னலை அதனால் தாங்க முடியவில்லை. ஆர்75 தாங்கியது. அதன் இரட்டைப் பாஸ்பேண்ட் திருகுகளால் (உள்ளே விடும் அலைவரிசையின் அகலத்தைக் குறுக்கவும் நகர்த்தவும் உதவுபவை) பக்கத்து நிலையத்தின் இரைச்சலையும் வெட்ட முடிகிறது. அந்தச் சுகத்தை எழுதிப் புரியவைக்க முடியாது!

சரி, விலைக்குத் தகுமா? ஆர்75 இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதைத்தான் தேட வேண்டும். அதற்கு வேண்டிய 13.8 வோல்ட் மின்சப்ளை, வெளி ஆன்டெனா இரண்டுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மாடியில் கம்பி கட்ட வழியில்லாதவர்கள் கையடக்கமே வாங்குங்கள். எல்இடி பல்பும் சார்ஜரும் இரையும் அறைக்குள் எந்த ரிசீவரும் திணறும். சின்னப் பெட்டியையாவது தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போகலாம்.